பதினான்கு லட்சம் வரிக்குள் ஒரு வரி

வாசகி கேட்டது:

"அக்கா, எனக்கு அயோத்தியாப்பட்டணம். சேலத்திலேயே பி.இ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை. மொபைல் ரீசார்ஜுக்கான பில்லிங் சாஃப்ட்வேர், சி பிளஸ் பிளஸ் என்ற புரோகிராம் மொழியில் எழுதியது, பதினான்கு லட்சம் வரி கோடு. 'முதல்ல கோடைப் படிம்மா' என்கிறார் டீம் லீட். படித்துக்கொண்டே இருக்கிறேன், எதுவும் மண்டையில் நிற்கவில்லை. என் முதல் டிக்கெட் (சரிசெய்யச் சொல்லி வரும் பிழைப் புகார்) வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. மாதத்தின் கடைசி நாளில், பிளான் இன்னும் செல்லும்போதே 'பிளான் எக்ஸ்பயர்ட்' என்று திரையில் வருகிறது. எந்த ஃபைலில் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆபீஸ் லேப்டாப் 8 ஜிபி. புராஜெக்டைத் திறந்தாலே ஃபேன் அலறுகிறது. இதற்கென்று நல்ல டூல் ஏதாவது இருக்கிறதா? இல்லை, எனக்குத்தான் இந்த வேலை சரிப்படாதா?"

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம் தங்கச்சி. அந்தப் பதினான்கு லட்சம் வரியை முழுசாகப் படித்தவர் உங்கள் கம்பெனியில் ஒருவரும் இருக்க மாட்டார், உங்கள் டீம் லீட் உட்பட. பக்கத்துக்கு 50 வரி என்று அச்செடுத்தால் 28,000 பக்கம் வரும். ஒரு நாளைக்கு நூறு பக்கம் படித்தாலும் 280 நாள். அதற்குள் பாதி கோடை வேறு யாராவது மாற்றியிருப்பார்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். என் முதல் வேலையில் என்னையும் இப்படித்தான் படிக்க உட்கார வைத்தார்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஒரு ரீம் பேப்பர் தீரும்வரை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரும் கையுமாக மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். நாலாவது வாரம் பக்கத்து டேபிள் சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன தேடறீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அங்கேதான் கோளாறு. எதையும் தேடாமல் படித்தால் ஃபோன் டைரக்டரியைப் படித்த மாதிரிதான், ஒரு பெயரும் நிற்காது.

உங்கள் நிலைமை என்னுடையதைவிட நல்லது. கையில் ஒரு டிக்கெட் இருக்கிறது, தேட ஒரு பொருள் இருக்கிறது. ஆகவே "எந்த டூல்" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு டூலும் சில வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இந்தச் சொல் எங்கே இருக்கிறது, இது எங்கே எழுதப்பட்டது, இதை யார் கூப்பிடுகிறார்கள், ஏன் இப்படி எழுதினார்கள், ஓடும்போது நிஜமாக என்ன நடக்கிறது என்று கேள்விகள் வேறு வேறு. ஒன்றுக்கான டூலிடம் மற்றொன்றைக் கேட்டால்தான் தலை சுற்றும். உங்கள் டிக்கெட்டையே வைத்துப் போய்ப் பார்ப்போம்.

திரையில் வரும் "பிளான் எக்ஸ்பயர்ட்" என்ற அந்த வாசகத்தைப் பிடியுங்கள். ஃபைல் பெயர்கள், ஃபோல்டர் அமைப்பு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற ஒரு வாசகம் பெரும்பாலும் கோடுக்குள் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். டெர்மினலை (கமாண்ட் அடிக்கும் திரை) திறந்து, ஃபைல்களுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் என்ற டூலைப் போட்டுத் தேடுங்கள். 1973-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சன் எழுதியது. என்னைவிட வயதில் மூத்தது. ஆனால் பெரிய புராஜெக்டுக்கு அதன் புதுத் தலைமுறையான ரிப்கிரெப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்ட் மொழியில் எழுதியது, இலவசம், உங்கள் 8 ஜிபி லேப்டாப்பிலும் சில நொடிகளில் முடித்துவிடும். ஃபேன் அலறாது.

தேடல் இப்படிப் போகும். எண்ணிக்கை உங்கள் கோடில் வேறாக இருக்கலாம். அந்த வாசகம் ஒரே ஒரு இடத்தில் கிடைக்கிறது, ஒரு மெசேஜ் ஃபைலில், பக்கத்தில் 4107 என்று ஒரு எண்ணோடு. சரி, 4107-ஐத் தேடுகிறோம். இப்போது அறுபது இடம் கொட்டும். பயப்படாதீர்கள், முக்கால்வாசி டெஸ்ட் டேட்டாவும் பழைய லாகும்தான். சி பிளஸ் பிளஸ் ஃபைல்களிலும் ஹெடர்களிலும் (பல ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்பு ஃபைல்கள்) மட்டும் தேடு என்று ரிப்கிரெப்பிடம் சொல்லலாம். மைனஸ் டி (டைப் என்பதன் முதல் எழுத்து) என்று கொடுத்து மொழியைச் சொன்னால் போதும். அறுபது ஒன்றாகிவிடும்: ஒரு ஹெடரில் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயரைத் தேடினால், ஹெடரை விட்டு, ஐந்து இடம். அதில் மூன்று, வந்த பிழையைத் திரையில் காட்டுகிற இடங்கள். மீதி இரண்டுதான் அந்தப் பிழையை உண்டாக்குகிற ஃபங்க்ஷன்கள் (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டுகள்). பத்து நிமிடத்தில் பதினான்கு லட்சம் வரி இரண்டு ஃபங்க்ஷனாகச் சுருங்கிவிட்டது, இன்னும் ஒரு ஃபைலைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் சில குழிகள் இருக்கின்றன. வாசகம் முழுசாக ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் பிளான் பெயரைச் செருக இடம் விட்டு எழுதியிருக்கலாம், ஆகவே முழு வரியாகத் தேடாமல் அதில் அபூர்வமான ஒரு சொல்லை மட்டும் எடுத்துத் தேடுங்கள். அடுத்தது, ரிப்கிரெப் ரொம்ப மரியாதையான ஆள். கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) கண்டுகொள்ளாமல் விடும் இக்னோர் பட்டியலில் இருப்பதையும், புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபைல்களையும், பைனரிகளையும் தானாகவே தொடாமல் விட்டுவிடும். பெரும்பாலும் அது நல்லதுதான். ஆனால் உங்கள் பில்ட் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் வேலை) தானே உருவாக்குகிற கோடு அந்த இக்னோர் ஃபோல்டரில் இருந்தால், "எங்கேயும் இல்லை" என்று வருகிற பதிலை நம்பி நீங்கள் ஏமாறுவீர்கள். மைனஸ் யு-வை மூன்று தடவை சேர்த்துக் கொடுத்தால் வெட்கத்தை விட்டுவிட்டு எல்லாவற்றிலும் தேடும்.

மூன்றாவது குழி மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும்போது (கோடு மிஷின் மொழியாக மாறும்போது) வேறு கோடாக விரியும் சுருக்கப் பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், ஃபைலைப் படிக்கும் ரீட் சிஸ்டம் காலின் (புரோகிராம்கள் கெர்னலிடம் கேட்கும் சேவை) மூலத்தைத் தேடும் புதியவர்கள் எல்லாரும் இதில் விழுந்திருக்கிறார்கள். 'சிஸ் அண்டர்ஸ்கோர் ரீட்' என்ற பெயரில் எழுதியிருக்கும் என்று தேடினால் ஃபங்க்ஷனின் உடல் கிடைக்காது. அங்கே 'சிஸ்கால் டிஃபைன் 3' என்ற மேக்ரோவுக்குள் வெறும் 'ரீட்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த 3, எத்தனை ஆர்க்யுமென்ட் (ஃபங்க்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) என்பதற்கு. முழுப் பெயரைக் கம்பைல் ஆகும்போது மேக்ரோ ஒட்டிக் கொடுக்கும். பெயர் அகப்படவில்லை என்றால் அதை இரண்டாக வெட்டித் தேடிப் பாருங்கள்.

ஃபங்க்ஷன் கிடைத்தாயிற்று. உள்ளே அது நாலு ஃபங்க்ஷனைக் கூப்பிடுகிறது. ஒவ்வொன்றும் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி உண்டு. பழைய வழி சிடேக்ஸ். எல்லாப் பெயர்களுக்கும் ஒரு அட்டவணை போட்டு ஒரே ஃபைலில் வைக்கும். விம் எடிட்டரில் கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பை அழுத்தினால் மூலத்துக்குத் தாவும், கன்ட்ரோல் டி (டேக் என்பதன் முதல் எழுத்து) அழுத்தினால் வந்த இடத்துக்கே திரும்பும். அந்தத் திரும்பும் பட்டனைத்தான் புதியவர்கள் கற்பதே இல்லை. பத்து முறை தாவிவிட்டு, எங்கிருந்து கிளம்பினோம் என்று முழிப்பார்கள். எந்த எடிட்டராக இருந்தாலும் "பின்னால் போ" பட்டன் எது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வழி லேங்குவேஜ் சர்வர். 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்த பிறகு, எடிட்டர் ஒருபக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் புரோகிராம் ஒருபக்கம் என்று பிரிந்துவிட்டது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு கிளாங்டி. சிடேக்ஸ் பெயரை மட்டும் பார்க்கும். ஒரே பெயரில் ஆறு கிளாஸில் ஃபங்க்ஷன் இருந்தால் ஆறில் எது உங்களுக்கு வேண்டியது என்று அதற்குத் தெரியாது. கிளாங்டி, கம்பைலர் புரிந்துகொள்வது போலவே புரிந்துகொண்டு, சரியான ஒன்றுக்குக் கூட்டிப் போகும்.

ஆனால் கிளாங்டியைப் போட்டதும் ஃபைல் முழுக்கப் பிழை என்று சிவப்பு அடிக்கோடு வந்து, "இது வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். எந்த ஃபைலை எந்த ஆப்ஷனோடு கம்பைல் செய்கிறீர்கள் என்று அதற்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற ஜேசன் ஃபைல். உங்கள் பில்ட் சிமேக் என்ற டூலில் இருந்தால் ஒரு ஆப்ஷனை ஆன் செய்தால் தானே எழுதிக் கொடுக்கும். வெறும் மேக் என்றால் பேர் என்று ஒரு சின்ன டூல் இருக்கிறது, பில்ட் ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து அந்தப் பட்டியலை எழுதிவிடும். முதல் தடவை இன்டெக்ஸ் (பெயர் அட்டவணை) போட கிளாங்டி நேரமும் மெமரியும் தின்னும். மைனஸ் ஜே கொடுத்து இரண்டு வேலைக்கு மேல் ஒரே நேரத்தில் செய்யாதே என்று கட்டிப்போட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் போகும்போது விட்டுவிடுங்கள். அப்புறம் மாறிய ஃபைலை மட்டும்தான் திரும்பப் பார்க்கும்.

நான் இருப்பது ஏற்காட்டில். இங்கே காற்றோடு மழை வந்தால் சில்வர் ஓக் கிளை ஒடிந்து லைன் மேல் விழும், கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அதனால் எல்லாவற்றையும் என் மிஷினிலேயே வைத்துக்கொள்வது என் பழக்கம். பிரவுசரில் பார்க்கும் வசதிகளும் அருமையாக இருக்கின்றன. ஓப்பன்குரோக்கை உங்கள் கம்பெனி சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். கெர்னலுக்கு பூட்லின் என்ற கம்பெனி நடத்தும் எலிக்ஸிர் தளம் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் ஓப்பன்குரோக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கனமான வேலை சர்வரில் நடக்கும், உங்கள் லேப்டாப் தப்பித்தது.

இனிமேல்தான் சிரமமான கேள்வி: இந்த ஃபங்க்ஷனை யார் கூப்பிடுகிறார்கள்? கீழே இறங்குவது சுலபம், மேலே ஏறுவதுதான் கஷ்டம். சிஸ்கோப் இதற்கென்றே பெயர் போனது. 1980-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் பிறந்தது, 2000-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. "இந்த ஃபங்க்ஷனைக் கூப்பிடுபவை" என்று மெனுவிலேயே ஒரு வரி இருக்கும். சி-க்கு நன்றாக ஓடும், சி பிளஸ் பிளஸ்ஸில் தடுமாறும். உங்களுக்கு விஎஸ் கோடு எடிட்டரில் கிளாங்டி காட்டும் கால் ஹைரார்க்கியே (யார் யாரைக் கூப்பிடுகிறார் என்ற படிநிலை) போதும்.

ஆனால் ஒரு நாள், கூப்பிடுபவர் யாருமே இல்லை என்று பதில் வரும். செத்த கோடு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! பில்லிங் மாதிரிப் பழைய சாஃப்ட்வேரில் ஃபங்க்ஷன்களின் முகவரியை ஒரு டேபிளில் அடுக்கி வைத்து, பிளான் வகைக்கு ஏற்ப எடுத்துக் கூப்பிடுவது சகஜம். கெர்னலிலும் அப்படித்தான், ரீட் என்று கூப்பிட்டால் அது எந்த ஃபைல் சிஸ்டத்தின் ரீட் என்பது, ஃபைல் ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்ட்டில் (தகவல் தொகுப்பு) உள்ள பாயின்டரை, அதாவது ஃபங்க்ஷன் முகவரியைப் பொறுத்தது. சி பிளஸ் பிளஸ்ஸின் விர்ச்சுவல் ஃபங்க்ஷனும் (எது என்பது ஓடும்போதுதான் முடிவாகும்) இதே கதைதான். கோடை வெறுமனே படிக்கும் எந்த டூலும் இந்த இடத்தில் அதிகபட்சம் "இவற்றில் ஏதோ ஒன்று" என்றுதான் சொல்லும்.

உங்களுக்குத் தெரிந்த ஏற்காட்டு ரோட்டையே சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு, உங்கள் ஊரிலிருந்து குப்பனூர் வழியாக வந்தால் வேறு பாதை. ஏரிக்கரையில் நிற்கிற ஒருவர் எந்த வழியாக வந்தார் என்று மேப்பைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? மேப் இரண்டு வழியையும் காட்டும், அவ்வளவுதான். அவரையே நிறுத்திக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நிறுத்திக் கேட்பதுதான் டீபக்கர். ஜிடிபி என்ற டீபக்கரில் அந்த ஃபங்க்ஷன் மேல் பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்கும் இடம்) வைத்து ஓடவிடுங்கள். நின்றதும் பி, டி என்று இரண்டு எழுத்து அடியுங்கள், பேக்டிரேஸ் என்பதன் சுருக்கம். நம் காதுக்கு 'பிடி' என்றே கேட்கும், வேலையும் அதுதான். புரோகிராம் தொடங்கும் மெயின் ஃபங்க்ஷனிலிருந்து அந்த இடம்வரை எந்த ஃபங்க்ஷன் எதைக் கூப்பிட்டு வந்தது, எந்த ஃபைல், எந்த வரி என்று கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும். என் அனுபவத்தில், புதுக் கோடில் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பேக்டிரேஸில் தெரிவது அதிகம். அந்த வெளியீட்டை அப்படியே ஒரு நோட்டில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்களுக்குப் புரிந்ததைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். உங்கள் சொந்த மேப் அங்கேதான் தொடங்கும். டீபக் தகவலைச் சேர்க்கும் மைனஸ் ஜி போட்டு, ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் கோடை மாற்றுவது) இல்லாமல் பில்ட் செய்துகொள்ளுங்கள். மைனஸ் ஜி இல்லாவிட்டால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வராது.

மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஃபேக்டைம் என்று ஒரு டூல் லினக்ஸில் இருக்கிறது. மிஷின் கடிகாரத்தைத் தொடாமல், உங்கள் புரோகிராமுக்கு மட்டும் இன்றைக்கு 31-ஆம் தேதி என்று சொல்லிவிடும். இதை டெஸ்ட் மிஷினில் மட்டும் செய்யுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது: கடைசி நாளை நள்ளிரவு 00:00 மணி என்று சேமித்து வைத்திருப்பார்கள், ஆகவே அந்த நாள் பிறந்ததுமே பிளான் இறந்துவிடுகிறது. இந்த ஊகத்தை நம்பி உள்ளே போகாதீர்கள், பிரேக்பாயின்ட்டில் அந்த வேரியபிளை அச்சிட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள் அல்லது பாராட்டுங்கள்.

தப்பான வரி தெரிந்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அதை ஏன் அப்படி எழுதினார்கள் என்று கிட்டிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். கிட் பிளேம் அந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார் என்று சொல்லும். ஆனால் கடைசியாகத் தொட்டவர் இடைவெளியைச் சரிசெய்தவராக இருக்கலாம். மைனஸ் டபிள்யூ சேர்த்தால் அந்த மாதிரி மாற்றங்களைத் தாண்டிப் பார்க்கும். எனக்குப் பிடித்தது வேறு: கிட் லாகில் மைனஸோடு பெரிய எஸ் போட்டு ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் கோடுக்குள் நுழைந்த, வெளியேறிய கமிட்டுகளை (கிட்டில் பதிந்த மாற்றங்களை) மட்டும் பொறுக்கித் தரும். பெரிய எல் போட்டால் ஒரே ஒரு ஃபங்க்ஷனின் வரலாற்றை முதலிலிருந்து காட்டும். கமிட் மெசேஜில் ஒரு பழைய டிக்கெட் எண் இருந்தால், பாதி பதில் அந்த டிக்கெட்டிலேயே கிடக்கும்.

சில சமயம் வரலாறு ஒரு சுவரில் போய் முட்டும். கெர்னலில் பழைய வரிகளை பிளேம் செய்தால் 2005 ஏப்ரலில், லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் போட்ட ஒரே கமிட்டில் போய் நின்றுவிடும். கிட் பிறந்ததே அந்த மாதம்தான். உங்கள் கம்பெனியிலும் "முதல் இறக்குமதி" என்று ஒரு ராட்சத கமிட் இருக்கும். அதற்கு முந்தைய கதை பழைய சர்வரிலோ, யாராவது ஒருவர் நினைவிலோதான் இருக்கும்.

படம் வரைந்து காட்டும் டூல்களைப் பற்றியும் கேட்பீர்கள். டாக்ஸிஜனோடு கிராஃப்விஸ் சேர்த்தால் யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று வரைந்து தரும். சின்னப் பகுதிக்கு அழகு. முழு புராஜெக்டுக்கும் போட்டால் நூல் கண்டைப் பூனை பிராண்டின மாதிரி ஒரு படம் வரும், சுவரில் மாட்டலாம்.

ஏஐ-யிடம் கேட்கலாமா? கேட்கலாம், முதலில் கம்பெனி அனுமதி வாங்கிக்கொண்டு. வாடிக்கையாளர் கோடை வெளியே ஒட்டி வேலை போன கதை வேண்டாம். அனுமதி இருந்தால், "இது என்ன செய்கிறது" என்று கேட்பதோடு விடாமல், "எந்த ஃபைல், எந்த வரி" என்று கேட்டு, அந்த வரியைத் திறந்து பாருங்கள். இல்லாத ஃபங்க்ஷனை இருப்பதாக அடித்துச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. மேலே சொன்ன ஃபங்க்ஷன் டேபிள் விஷயத்தில் அதுவும் மேப்பைப் பார்ப்பவர்தான், ரோட்டில் நிற்பவர் இல்லை.

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ஏஐ-யை விட்டால், இதுவரை சொன்னதில் ஒன்றுக்கும் விலை இல்லை.

டீம் லீடிடம் கேட்பதைப் பற்றி ஒன்று. "சார், இந்த மாட்யூலை விளக்குங்க" என்று போனால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பேக்டிரேஸோடு போய், "சார், இந்த ஏழாவது வரியில டேபிள்லேர்ந்து வருது. அந்த டேபிளை நிரப்பறது எந்த ஃபைல்?" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த டேபிள் ஏன் வந்தது என்ற பழங்கதையையும் சேர்த்தே சொல்லுவார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அது எந்த கமிட்டிலும் இருக்காது.

டிக்கெட்டை மூடியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த இரண்டு ஃபங்க்ஷனில் எது, 00:00 சந்தேகம் சரிதானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.